விண்வெளிக்காரனின் இடது தோள்

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வதை எங்கள் தையல்காரி ஒரு திறமையாகவே கணக்கில் எடுப்பதில்லை. முதுகைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில், என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, விறாந்தையில் தையல் மெசின் போட்டிருந்தார். பள்ளிக்கூடச் சட்டைகளும் ஆண்களின் சேட்டுகளும் தைப்பார். ஒருமுறை அளந்த உடம்பை மறக்கமாட்டார். ஒருநாள் பஸ் நிலையத்தில் நானும் அவரும் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் மொட்டைத் தலையும் சில்லு வைத்த பெட்டியுமாக ஒருவர் முதுகு காட்டி நின்றார். "அண்ணை, அது தபால் கந்தோர் ஐயாவின்ர மூத்தவர்" என்றார். நான் நம்பவில்லை. கூப்பிட்டார். ஆள் திரும்பியது. அவரேதான். பதினெட்டு வருடம் கழித்து பிரான்சிலிருந்து வந்திருந்தார். விமான நிலையத்தில் பெற்ற தாயே அவரை அடையாளம் காணத் தடுமாறினாராம்.

"என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள், தங்கச்சி?"

"பத்தாம் வகுப்பில அவருக்கு நான் சேட் தைச்சனான். முகம் மாறும் அண்ணை. தோள் எங்க மாறுறது?"

எல்லா நேரமும் இந்த வித்தை நல்லபடி முடிந்ததென்று சொல்லமாட்டேன். கிண்ணியா ஹாஜியார் ஒருவர், என்னிடம் படகு திருத்தக் கொடுப்பவர், நோன்புப் பெருநாளுக்கு அவரிடம் சேட் தைக்கக் கொடுத்தார். அளவெடுத்தவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "போன வருசத்தை விட வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு. ஆஸ்பத்திரியில காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டார். மனுசன் பயந்துபோய் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. இன்றைக்கும் நல்ல சுகமாகத்தான் இருக்கிறார். ஆனால் அன்று தொடங்கி, கதிரையில் இருந்தால் வலப்பக்கத்தை ஒரு மாதிரி உயர்த்திக்கொண்டுதான் இருப்பார். தையல்காரி கண்டது நோயையா, இல்லாத நோயைக் கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தையும் தோளைப் பற்றியதுதான். "இந்த ஊரில நான் அளந்த ஆம்பிளையளில ரெண்டு தோளும் ஒரே மட்டத்தில நிக்கிறது உங்களுக்கு மட்டும்தான் அண்ணை." பெருமையோடு வீட்டில் சொன்னேன். "அதாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட என்ற கதை அவரிடம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கு, பத்து வருடமாக இங்கே குடியிருக்கிறார் என்று சாட்சி சொல்லிக் கையெழுத்து வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நான் வைத்தேன். தையல்காரி விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்பது வருடமும் ஏழு மாதமும்தான் என்றார். "அஞ்சு மாசத்தில ஆர் தங்கச்சி சாகப்போறான்?" என்று கேட்டேன். "ஒருத்தரும் சாகமாட்டினம். அஞ்சு மாசம் கழிச்சு நானே வந்து வைப்பன்" என்றார். சொன்னபடி அந்த மாதம் தானாகவே கையெழுத்து வைக்கப் போனார். அதற்குள் அந்த மனுசன் வேறு சாட்சி பிடித்து அலுவலை முடித்துவிட்டிருந்தது வேறு கதை.

என் தொழில் பைபர் போடுவது. உட்துறைமுகக் கரையில் ஒரு கொட்டில். அடி உடைந்த படகுகளைக் கவிழ்த்துப் போட்டுக் கண்ணாடி நார்ப் பாயும் பசையும் வைத்து ஒட்டுவேன். உடம்பு முழுக்க அரிக்கும், மூக்கில் வேறு மணமே ஏறாது. ஒரு பங்குனி மாதக் காலையில் அவர் அங்கே வந்து நின்றார். அதுவரை அவர் கடற்கரைப் பக்கம் வந்ததை நான் கண்டதில்லை. கைபேசியை நீட்டினார். ஏதோ ஒரு விண்வெளிப் படம், தமிழில் குரல் மாற்றியது. சிவப்பு மணல். வெள்ளி உடுப்புப் போட்ட ஆறேழு பேர் சாமான் பெட்டிகளைக் காவிக்கொண்டு ஒரு பறக்கும் கப்பலின் வாசலுக்குள் போகிறார்கள். எல்லோரும் முதுகு காட்டித்தான் போகிறார்கள். கடைசி ஆளில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

"இந்தத் தலைக்கவசம் மாதிரி அச்சொட்டா ஒண்டு வேணும் அண்ணை. முதுகில இடப்பக்கம் தொங்கிற, மூச்சுக் காத்து அடைச்ச தாங்கியும் வேணும். உடுப்பை நான் தைப்பன்."

விளையாட்டுப் போட்டிக் காலம். வினோத உடைப் போட்டிக்கு என்று நினைத்தேன். "எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு இல்லை. பெரிய ஆளுக்கு."

மேலே கேட்க விடவில்லை. நானும் விட்டுவிட்டேன். கரையொதுங்கிய பெரிய வலை மிதவை ஒன்று கிடந்தது. தலை போகிற அளவு. அதன் மேல் பைபர் போட்டு, வெட்டி, உரஞ்சி, நல்ல வடிவான கவசம் ஒன்று செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நாடாவை எடுத்தார்.

"அரை அங்குலம் பெருசு."

"ஆர் அளக்கப் போகினம் தங்கச்சி?"

"நான்."

படத்தில் இருக்கிறவனின் அளவு இவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் என் கேள்வி. கேட்டேன். அவர் கைபேசியில் அந்த ஆள் காவிக்கொண்டு போன பெட்டியைப் பெருப்பித்துக் காட்டினார். வெள்ளி நிறம் பூசியிருந்தார்கள். ஆனால் கைபிடி ஓட்டை, பக்கத்தில் ஓடுகிற கோடுகள், மூலையில் இருக்கிற தடிப்பு எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். என் கொட்டிலுக்குள் அதே மாதிரிப் பத்துப் பெட்டி அடுக்கிக் கிடந்தது. மீன்பெட்டி. வேறு கிரகத்துக்குப் போகிறவன் பாரைமீன் பெட்டியோடு போகிறான் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் நீளத்தை வைத்துக் கையுறை, கையின் நீளம், தோளின் அகலம், கவசம், தாங்கி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தலை சுற்றியது.

இரண்டாவது கவசமும் சரிவரவில்லை. இதற்கிடையில் அவர் வாகனம் மூடுகிற வெள்ளிச் சீலையை வாங்கி வெட்டத் தொடங்கிவிட்டார். உடுப்புத் துவைக்கிற மெசினின் குழாய் ஒன்றைத் தேடி எடுத்துத் தாங்கிக்குப் பொருத்தினார். முதுகின் குறுக்காக ஒரு பட்டி ஓடுகிறது. படத்தில் அது கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது. அவரும் அதே கோணலில் தைத்தார்.

"அவை பிழையாத் தைச்சிருக்கினம் அண்ணை. அவசரத்தில தைச்சிருப்பினம்."

"அப்ப நீங்கள் சரியாத் தையுங்கோவன்."

"நான் திருத்தினா பேந்து எனக்கு ஒண்டும் தெரியவராது."

மூன்றாவது கவசத்தையும் திருப்பிக் கொண்டுவந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பசை பிடித்த கையோடு நின்று, "இது என்ன விசர் வேலை தங்கச்சி? காரணத்தைச் சொன்னாத்தான் நாலாவதைத் தொடுவன்" என்றேன். அவர் கவிழ்த்து வைத்த படகில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி. எனக்கும் தெரிந்தவர்தான். கல்யாணம் முடித்து ஒரு வருடத்தில் பாலைவன நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போனார். ஒவ்வொரு வெள்ளியும் கதைப்பார். கடைசியாகக் கதைத்தபோது, தாங்கள் தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் படம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றும், தங்களில் சிலரைப் பிடித்து உடுப்புப் போட்டு நடக்கவிடப் போகிறார்கள் என்றும் சொல்லிச் சிரித்தாராம். அடுத்த வெள்ளி அழைப்பு வரவில்லை. வேலையை விட்டுத் தானாகப் போய்விட்டார் என்று கம்பனி சொன்னது. அதற்குப் பிறகு ஏழு வருடம். எங்கள் மாவட்டத்தில் யுத்தத்தில் காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்கள் அவர்களின் புகைப்படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருப்பார்கள். அவர்களோடு போய் இருக்கவும் இவரால் முடியவில்லை. தம்பி கடவுச்சீட்டோடு விமானம் ஏறியவர். யாரிடம் போய்க் கேட்பது?

அந்த விண்வெளிப் படத்தை வீட்டில் முதலில் பார்த்தது தம்பியின் மனைவி. இவர் பக்கத்தில் இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அந்த நான்கு விநாடி ஓடியது. கடைசி ஆளின் இடது தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. தம்பி ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, காறை எலும்பு பிழையாகப் பொருந்தி, அவருடைய இடது தோளும் இரண்டு விரல் இறக்கம்தான். இவர் தைத்த ஒவ்வொரு சேட்டிலும் அந்த இரண்டு விரலைக் கழித்துத்தான் தைத்தவர்.

"நீங்கள் தம்பியின்ர மனுசிக்குக் காட்டினனீங்களே?"

"காட்டினனான். 'எனக்கு அப்பிடித் தெரியேல்லை மச்சாள்' எண்டவள்."

தெரியவில்லையா, தெரிய விரும்பவில்லையா? அவரும் சொல்லவில்லை, எனக்கும் விளங்கவில்லை. நிலாவெளிப் பக்கத்தில் ஒருவர், மனைவியை இழந்தவர், தம்பியின் மனைவியைக் கல்யாணத்துக்குக் கேட்டு வந்திருந்தார். அவளுக்கும் விருப்பம். அதைச் சொல்ல அவள் வெட்கப்படவுமில்லை. முப்பத்திரண்டு வயது. சட்டத்தரணி, கணவருடைய இரத்த உறவு ஒருவர் சத்தியக்கடதாசி தரவேண்டும் என்றாராம். ஆள் உயிரோடு இருப்பதற்கு ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லை, எந்த அடையாளமும் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். தாய் தகப்பன் இல்லை. மிச்சம் இவர் ஒருவர்தான். அவள் மூன்று மாதமாகக் கடதாசியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அடையாளம் இல்லையெண்டு எப்பிடி எழுதுறது? என்ர கண்ணால கண்டிட்டன். ஆனா அது அடையாளமோ எண்டும் தெரியேல்லை. அந்தப் பட்டியும் தாங்கியும் இடப்பக்கம் இழுத்தும் தோள் இறங்கலாம். அதுக்குத்தான் அண்ணை உடுப்பு. நேர்த்தோள்காரன் ஒருத்தன் போட்டு நடக்கட்டும். அவற்ற தோளும் இறங்கினா, உடுப்பின்ர குற்றம். நான் கையெழுத்து வைப்பன். இறங்கேல்லையெண்டா..."

"உலகத்தில தோள் இறங்கின ஆள் உங்கட தம்பி மட்டுமோ?"

"இல்லை. ஆனா ஒண்டும் இல்லையெண்டு சத்தியம் பண்ண எனக்கு ஏலாது."

நாலாவது கவசத்தை நான் மயிரிழை பிசகாமல் செய்தேன். என்னைத்தான் நடக்கவைக்கப் போகிறார் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஊரிலேயே நேர்த்தோள்காரன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு முற்றம். வெள்ளி உடுப்பை மாட்டி, குழாயைக் கொழுவி, கவசத்தைத் தலையில் இறக்கினார். கண்ணுக்கு முன்னால் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியால் முற்றம் பின்னேரம் மாதிரித் தெரிந்தது. வியர்வை முதுகில் ஓடியது. தம்பி எப்படி நடப்பார் என்று நான் கேட்டதற்கு, அவர் எனக்கு எதிரே நின்று தோளை இறக்கிக் காட்டினார். பிறகு, "நீங்கள் அதை நினைக்க வேண்டாம். உங்கட பாட்டில நடவுங்கோ" என்றார். மீன்பெட்டியைக் கையில் தந்தார். கிணற்றடியிலிருந்து வீட்டு வாசலுக்கு நடக்க வேண்டும். அவர் பின்னால் குந்தியிருந்து கைபேசியில் எடுப்பார்.

முதல் தரம் நடந்தேன். தாங்கி பாரமே இல்லை, நான் செய்ததுதானே, உள்ளே வெறும் கோது. பட்டி கொஞ்சம் உறுத்தியது, அவ்வளவுதான். தோள் அசையவில்லை என்று எனக்கே தெரிந்தது. வாசலுக்குக் கிட்டப் போகப் போகத்தான் அவளைக் கண்டேன். தம்பியின் மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். கையில் எனக்கென்று ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பை. அவள் என் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் என் தோளின் மேல் ஏறி அங்கேயே நின்றது. கோப்பையிலிருந்து தேத்தண்ணி சிந்தியது, அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னொருக்கா நடவுங்கோ அண்ணை" என்றது பின்னாலிருந்து குரல்.

கிணற்றடிக்குத் திரும்பி நடந்த அந்தப் பத்தடிக்குள் எனக்கு மண்டை கலங்கிவிட்டது. நான் பைபர் போடுகிறவன். ஒரு பெண் திரும்பக் கல்யாணம் செய்வதும் ஒரு மனிதன் உயிரோடிருப்பதும் என் தோளில் ஏன் வந்து இருக்க வேண்டும்? நேராக நடந்தால் அவள் வாழ்க்கை போகும். சரிந்து நடந்தால் இவருக்குத் தம்பி போவார். உண்மையைச் சொல்கிறேன், நான் யோசித்து முடிவெடுக்கவில்லை. வாசலில் நின்ற அவளின் முகத்தைப் பார்த்தேன். நடக்கத் தொடங்கியபோது தோளை இரண்டு விரல் இறக்கிவிட்டேன். வாசல்வரை அப்படியே பிடித்துக்கொண்டு போனேன்.

கவசத்தைக் கழற்றியபோது அவர் கைபேசியைப் பார்த்தபடி குந்தியிருந்தார். இரண்டு மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

"உடுப்புத்தான் இழுக்குது" என்றார். "கடதாசியைக் கொண்டு வா பிள்ளை. நாளைக்கே போவம்."

அவள் அப்படியே வாசற்படியில் இருந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நல்லது செய்தேனா, ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேனா என்று தெரியாத அழுகை. அடுத்த நாள் அவர் சட்டத்தரணியின் கந்தோருக்குப் போய்ச் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தார். அலுவல்கள் முடிய ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பிறகு கோயிலில் சின்னதாகக் கல்யாணம். கூறைக்கு ஏற்ற சட்டையை அவரேதான் தைத்துக் கொடுத்தார். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், ஆனால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் செய்த கள்ளம் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

கல்யாணம் முடிந்து ஒரு கிழமையில், விண்வெளிக்காரனாக நடந்த பெருமையை வீட்டில் காட்ட வேண்டுமென்று எனக்கு ஆசை வந்தது. வீடியோவை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஒரு வார்த்தையும் எழுதாமல் இரண்டையும் அனுப்பியிருந்தார். என் மனைவி முதலாவதைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, "இதில ஏன் வலப்பக்கம் சரிஞ்சு நடக்கிறீங்கள்? காலில முள்ளுக் குத்தினதே?" என்றாள்.

கைபேசியைப் பறித்துப் பார்த்தேன். தாங்கி இடப்பக்கம் தொங்குகிறது. இடது தோள் அசையாமல் மட்டமாக நிற்கிறது. வலது தோள்தான் இரண்டு விரல் கீழே போயிருக்கிறது. அவர் எதிரே நின்று தன் இடது தோளை இறக்கிக் காட்டியதை நான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பிடித்திருக்கிறேன். ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும் பிழை. முதுகைப் பார்த்து ஆளைச் சொல்கிற அந்த மனுசிக்குத் தெரியாமல் போயிருக்குமா? சாறத்தை மடித்துக் கட்டியபடியே அவர் வீட்டுக்குப் போனேன்.

விறாந்தையில் மெசினுக்கு முன்னால் இருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. இப்போது அவர் அந்த வீட்டையும் விட்டுவிட்டு ஈச்சிலம்பற்றில் உறவினர் வீட்டோடு போய்விட்டார். அன்றைக்குத்தான் நாங்கள் கடைசியாக அந்தக் கதையைக் கதைத்தோம்.

"தங்கச்சி, நான் வலதையல்லோ இறக்கினனான்."

"ஓம்."

"அண்டைக்கே தெரியுமே?"

"நீங்கள் முதலடி வைக்கேக்கையே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே சத்தியம் பண்ணினனீங்கள்?"

அவர் மெசினிலிருந்து துணியை இழுத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அவள் வாசல்ல நிண்டவள் அண்ணை. நீங்களே பாத்தனீங்கள்."

போகத் திரும்பினேன். என் முதுகுக்குத்தான் அவர் மிச்சத்தைச் சொன்னார்.

"தம்பி இருக்கிறான். வந்தா அவனுக்கு நான்தான் பதில் சொல்லவேணும். நீங்கள் யோசிக்காதேங்கோ."